ரிகர்ஷனா, லூப்பா? மொரிஷியஸ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்திருக்கும் பிள்ளைகளும், எபேன் தொழில்நுட்ப நகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. "ரிகர்ஷன் அழகு, லூப் வேகம்" என்று எங்கோ படித்துவிட்டு வருகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி எந்த நிரலையும் எழுத முடியாது. இரண்டில் எது பொருந்தும் என்பதைத் தரவின் வடிவம்தான் சொல்லும்.

விளக்கத்துக்காக நம் தீவிலிருந்தே இரண்டு தரவுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து போர்ட் லூயிஸில் வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவேடு. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். மூலப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அவை முழுவதும் கணினியில் ஒரே வரிசையாக ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்றொன்று, அப்படி வந்த ஒருவரிடமிருந்து இன்றுவரை கிளைத்த ஒரு குடும்பத்தின் மரம். கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

லூப் ஒரே இடத்தில் நின்று ஒரு வேலையைத் திரும்பச் செய்கிறது. எங்கே இருக்கிறோம் என்பதை ஒரு மாறியில் நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். ரிகர்ஷனில் ஒரு ஃபங்ஷன் தன்னையே, இன்னும் சிறிய ஒரு பகுதியைக் கொடுத்து, அழைத்துக்கொள்கிறது. உள்ளே போன அழைப்பு திரும்பி வரும்வரை வெளியே இருக்கும் அழைப்பு பாதியில் காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டேக் என்ற நினைவகப் பகுதியில் ஒரு ஃபிரேம் ஒதுக்கப்படுகிறது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கை உங்களுக்குப் பதிலாகக் கணினி வைத்துக்கொள்கிறது என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஆள் தேவைப்படும் வேலைக்கு ரிகர்ஷன் நல்லது. தேவைப்படாத வேலைக்கு அது வீண் சுமை.

சரி, எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஆழத்தைப் பாருங்கள். தரவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் காத்திருக்க நேரும் என்பதே முக்கியம்.

பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதராஸில் கப்பல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். "முதல் ஆளைப் பார், மீதிப் பட்டியலுக்கு இதே ஃபங்ஷனை அழை" என்று ரிகர்ஷனில் எழுதலாம்தான். ஆனால் கடைசி ஆளை எட்டும்போது ஐந்து லட்சம் அழைப்புகள் காத்துக்கொண்டிருக்கும். பைத்தான் மொழியில் இப்படிக் காத்திருக்கும் அழைப்புகளுக்கு வழக்கமான வரம்பு 1000. முதல் ஆயிரத்தைத் தாண்டுவதற்குள் நிரல் விழுந்துவிடும். போதாக்குறைக்கு, "மீதிப் பட்டியல்" என்று ஒவ்வொரு முறையும் பட்டியலை வெட்டி எடுத்தால் பைத்தான் அதைப் புதிதாக நகலெடுக்கும். வரம்பே இல்லையென்றாலும் மொத்தம் 12,500 கோடி நகல்கள் ஆகும். இங்கே லூப்தான், யோசிக்கவே வேண்டாம்.

இப்போது குடும்ப மரம். 1834இல் வந்தவர் என்றால் சுமார் 190 ஆண்டுகள். தலைமுறைக்கு 25 ஆண்டு வைத்தால் எட்டுத் தலைமுறைகூட முழுதாக வராது. லா பூர்தொனே ஆளுநராக இருந்த 1730களில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞராக வந்தவரின் குடும்பம் என்றாலும் பன்னிரண்டு தலைமுறைக்குள் அடங்கிவிடும். மரத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் காத்திருக்கும் அழைப்புகள் பதின்மூன்றைத் தாண்டாது. அகலமாகக் கிளைத்து ஆழம் குறைவாக இருக்கும் இப்படிப்பட்ட தரவுக்கு ரிகர்ஷன் அப்படியே பொருந்தும்.

ஆழம் என்பது சில சமயம் நீங்கள் வெட்டும் விதத்தைப் பொறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதே ஐந்து லட்சம் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றாமல் இரண்டு பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஆழம் 20 அளவிலேயே நின்றுவிடும். பாதி பாதியாக வெட்டி வரிசைப்படுத்தும் மெர்ஜ் சார்ட் ரிகர்ஷனில் நன்றாக ஓடுவது இதனால்தான்.

குடும்ப மரத்தில் வழித்தோன்றல்களை எண்ணும் நிரலைக் காட்ட முடியுமா?

தமிழிலேயே பொய்நிரலாக, அதாவது எந்த மொழியையும் சாராத மாதிரி நிரலாக, எழுதுகிறேன். பைத்தானோ ஜாவாவோ தெரிந்தவர்கள் வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம்.

செயல் எண்ணு(நபர்)
    மொத்தம் ← 0
    நபரின் ஒவ்வொரு பிள்ளைக்கும்
        மொத்தம் ← மொத்தம் + 1 + எண்ணு(பிள்ளை)
    திருப்பு மொத்தம்

ஒரு சின்னக் குடும்பத்தில் ஓட்டிப் பார்ப்போம். கொள்ளுத்தாத்தாவுக்கு மூத்த மகள், இளைய மகன் என்று இருவர். மகளுக்கு மூன்று பிள்ளைகள். மகனுக்குப் பிள்ளை இல்லை.

கொள்ளுத்தாத்தாவுக்கான அழைப்பு தொடங்குகிறது, மொத்தம் 0. முதல் பிள்ளை மூத்த மகள். அவளுக்காக அழைக்கிறது, கொள்ளுத்தாத்தாவின் அழைப்பு அந்த வரியிலேயே நிற்கிறது. மகளின் அழைப்பு தனக்கென்று புதிய மொத்தத்தை 0 என்று தொடங்குகிறது. இது வேறு மொத்தம், வேறு ஃபிரேமில் இருப்பது. மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவளுடைய முதல் பிள்ளைக்கான அழைப்பில் சுற்றிவர யாரும் இல்லை, 0 திரும்புகிறது. மகளின் மொத்தம் 1. அடுத்த பிள்ளை, 2. அடுத்தது, 3. அந்த 3 மேலே போகிறது. கொள்ளுத்தாத்தாவின் மொத்தம் 0 + 1 + 3, அதாவது 4. பிறகு இளைய மகன், 0 திரும்புகிறது, 4 + 1 + 0. விடை 5.

மொத்தம் ஆறு அழைப்புகள் நடந்தன. ஆனால் எந்தக் கணத்திலும் மூன்றுக்கு மேல் ஸ்டேக்கில் இல்லை. ஆள்கணக்கும் ஆழமும் வேறு வேறு என்பதைத் தாளில் ஒருமுறை இப்படி எழுதிப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ரிகர்ஷனுக்கு உள்ளேயே ஒரு லூப் இருக்கிறது. உடன்பிறந்தவர்களை லூப் சுற்றிவருகிறது. தலைமுறைகளை ரிகர்ஷன் இறங்கிப் பார்க்கிறது. வரிசையாக இருப்பதற்கு லூப், கிளையாக இருப்பதற்கு ரிகர்ஷன் என்று ஒரே நிரலில் இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன.

நிறுத்தும் நிபந்தனை எங்கே? "இது ஆனால் நில்" என்று ஒன்று கட்டாயம் வேண்டுமே?

வேண்டும்; இருக்கிறது. பிள்ளை இல்லாதவருக்கு லூப் ஒருமுறைகூடச் சுற்றாது, 0 திரும்பிவிடும். அதுவே நிறுத்தும் நிபந்தனை. தேர்வில் மட்டும் அதைத் தனி வரியாக எழுதிவிடுங்கள். திருத்துபவர் தேட வேண்டியிருக்கக் கூடாது.

இதையே லூப்பில் எழுதினால் எப்படி இருக்கும்?

காத்திருப்போர் பட்டியலை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

செயல் எண்ணு(மூதாதை)
    காத்திருப்போர் ← [மூதாதை]
    மொத்தம் ← 0
    காத்திருப்போர் காலியாக இல்லாதவரை
        நபர் ← காத்திருப்போரில் கடைசி ஆளை எடு
        நபரின் ஒவ்வொரு பிள்ளைக்கும்
            மொத்தம் ← மொத்தம் + 1
            காத்திருப்போரில் பிள்ளையைச் சேர்
    திருப்பு மொத்தம்

விடை அதே 5. வரிகள் கூடிவிட்டன, ஆனால் ஸ்டேக் வரம்பு பற்றிய கவலை போய்விட்டது. பட்டியல் கணினியின் பொது நினைவகத்தில் இருக்கிறது, அங்கே இடம் தாராளம். கடைசி ஆளுக்குப் பதிலாக முதல் ஆளை எடுத்தால் தலைமுறை தலைமுறையாக, அகலவாக்கில் நடக்கும். "ஐந்தாம் தலைமுறையில் எத்தனை பேர்?" போன்ற கேள்விக்கு இந்த வடிவம்தான் வசதி.

எட்டுத் தலைமுறைக் குடும்பத்துக்கு நான் முதல் வடிவத்தையே எழுதுவேன். அடுத்து வந்து படிப்பவருக்கு ஒரே பார்வையில் புரியும்.

எல்லா ரிகர்ஷனையும் லூப்பாக மாற்ற முடியுமா?

முடியும். மேலே செய்ததுபோல ஒரு ஸ்டேக்கைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். எத்தனை சுற்று என்று முன்கூட்டியே முடிவான லூப்பால் மட்டும் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. ஆக்கர்மன் ஃபங்ஷன் அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். நிபந்தனை பொய்யாகும்வரை ஓடும் லூப் இருந்தால் அதுவும் சாத்தியமே.

வரலாற்றிலும் பல காலம் அப்படித்தான் இருந்தது. ஆரம்பகால ஃபோர்ட்ரானில் ரிகர்ஷனே கிடையாது. 1990ஆம் ஆண்டின் தரநிலையில்தான் முறையாகச் சேர்ந்தது. அதற்கு வெகு முன்பே, 1950களின் கடைசியில் ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப்பும் அடுத்து ஆல்கால் 60உம் அதைக் கொண்டுவந்துவிட்டன.

ரிகர்ஷன் மெதுவானது என்கிறார்களே?

ஃபங்ஷனை அழைப்பதற்கு ஒரு செலவு உண்டு. பைத்தானில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு. சி போன்ற மொழிகளில் பெரும்பாலும் அற்பம். ஆனால் "ரிகர்ஷன் மெதுவு" என்ற பெயரை வாங்கிக்கொடுத்தது வேறொன்று: பிபொனாச்சி எண்வரிசை.

எல்லாப் பாடத்திலும் முதல் உதாரணமாக வரும் அந்த நிரல், ஓர் எண்ணுக்கு முந்தைய இரண்டு எண்களையும் தனித்தனியே அழைத்துக் கூட்டும். ஐந்தாவது எண்ணுக்கு 15 அழைப்புகள். முப்பதாவதற்கு 26,92,537. நாற்பதாவதற்கு 33 கோடியைத் தாண்டுகிறது. ஆனால் ஆழம்? முப்பதாவது எண்ணுக்கு வெறும் 30. ஸ்டேக்குக்கு இங்கே எந்த ஆபத்தும் இல்லை. ஒரே எண்ணை மறுபடி மறுபடி கணக்கிடுவதுதான் நோய். ஒருமுறை கண்ட விடையைக் குறித்து வைத்துக்கொண்டால், பைத்தானில் ஃபங்க்டூல்ஸ் தொகுதி தரும் கேஷை ஃபங்ஷனுக்கு மேல் ஒரு வரியாகப் போட்டால், முப்பதாவது எண்ணுக்கு 31 கணக்கீடுகளோடு முடிந்துவிடும்.

ஆகவே ஆழத்துக்கு அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: ஒரே வேலை இரண்டு வழியாக வந்து சேர்கிறதா?

குடும்ப மரத்தில் ஒருவர் இரண்டு வழியாக வர முடியுமா?

நம் குடும்பங்களில் தாராளமாக வரலாம். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் செய்வது நம் பழைய வழக்கம். கப்பலேறி வந்த தலைமுறைகளை ஆராய்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் நிரல் எழுதக் கூடாது.

ஒரு கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் ஆண், ஒரு பெண். அண்ணனுக்கு ஒரு மகள். தங்கைக்கு ஒரு மகன். அந்த இருவருக்கும் கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. வழித்தோன்றல்கள் ஐந்து பேர்: அண்ணன், தங்கை, மகள், மகன், குழந்தை. முதலில் எழுதிய நிரலை ஓட்டினால் 6 என்று வரும். குழந்தை தாய் வழியாக ஒருமுறையும் தந்தை வழியாக ஒருமுறையும் எண்ணப்பட்டுவிடுகிறது.

பிபொனாச்சிக்கு வந்த அதே நோய்தான் இது: ஒரே இடத்துக்கு இரண்டு பாதை. அங்கே விடை சரி, நேரம்தான் வீண். இங்கே விடையே தவறு. பிபொனாச்சிக்கு உதவிய கேஷ் இங்கே உதவாது என்பதை நன்றாக மனத்தில் வையுங்கள். "இந்தத் தாய்க்கு விடை 1, இந்தத் தந்தைக்கு விடை 1" என்று சரியாகக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டையும் கூட்டி வேகமாகத் தவறான விடையைத் தரும். தேவை, யாரையெல்லாம் பார்த்தாயிற்று என்ற ஒரு கணம் (ஒரே ஆள் இருமுறை சேராத தொகுப்பு, செட்):

பார்த்தவர்கள் ← வெற்றுக் கணம்

செயல் நட(நபர்)
    நபரின் ஒவ்வொரு பிள்ளைக்கும்
        பிள்ளை பார்த்தவர்களில் இல்லை என்றால்
            பார்த்தவர்களில் பிள்ளையைச் சேர்
            நட(பிள்ளை)

முடிந்ததும் கணத்தில் எத்தனை பேர் என்று பார்த்தால் போதும். லூப் வடிவத்துக்கும் இதே திருத்தம் வேண்டும். ரிகர்ஷனை லூப்பாக மாற்றினால் பிழை போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போகாது. பிழை தரவைப் பற்றிய நம் அனுமானத்தில் இருக்கிறது.

நிரல் நிற்காமல் ஓடுகிறது. குடும்ப மரத்தில் அது எப்படி நடக்கும்?

பெயரை அடையாளமாக வைத்திருப்பீர்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் மரபு. தரவில் ஆளுக்கு ஓர் எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், தாத்தாவிலிருந்து மகன், மகனிலிருந்து பேரன், பேரனின் பெயரில் மறுபடி தாத்தாவின் பிள்ளைகள் என்று வட்டம் அடைந்துவிடும். நிறுத்தும் நிபந்தனை சரியாக எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கு நிரல் போய்ச் சேரவே சேராது.

வந்திறங்கியவர்களுக்குக் குடியேற்றப் பதிவு எண் இருக்கிறது. இங்கே பிறந்தவர்களுக்கு நீங்களே ஓர் எண் கொடுங்கள். பெயர் காட்டுவதற்கு மட்டும்.

இப்படி வட்டம் விழுந்த தரவில் ரிகர்ஷன் ஒரு நன்மை செய்கிறது. பைத்தானில் ஆயிரமாவது அழைப்பின் அருகே பிழை காட்டி நின்றுவிடும். எட்டுத் தலைமுறைக்கு ஆயிரம் ஆழமா என்று உடனே சந்தேகம் வரும். லூப் வடிவம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பைத்தானின் 1000 வரம்பை உயர்த்திவிட்டால் என்ன?

சிஸ் தொகுதியில் அதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு வரியில் உயர்த்தலாம். உயர்த்துவதற்கு முன் ஆழம் எவ்வளவு போகும் என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "அதிகபட்சம் 3000" என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால் உயர்த்துங்கள். "தெரியாது, பத்து லட்சம் வைத்துவிடுவோம்" என்றால் அது லூப்பாக மாற வேண்டிய நிரல்.

வரம்பு என்பது பைத்தானின் பிடிவாதம் மட்டும் அல்ல. லினக்ஸில் ஒரு நிரலின் முதன்மை ஸ்டேக் பொதுவாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. ஓர் அழைப்புக்கு 100 பைட் என்று வைத்தால் லினக்ஸில் எண்பதாயிரம் சொச்சம், விண்டோஸில் பத்தாயிரம் சொச்சம். வீட்டில் லினக்ஸில் ஓடிய சி நிரல் பள்ளி லேபில் விண்டோஸில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெயில் கால் என்றால் என்ன? அது இந்தப் பிரச்சினையைத் தீர்க்குமா?

ஒரு ஃபங்ஷன் செய்யும் கடைசி வேலை தன்னை அழைப்பது மட்டுமே என்றால், திரும்பி வந்த பிறகு செய்ய எதுவும் மிச்சமில்லை. அப்போது பழைய ஃபிரேமை வைத்திருக்கத் தேவையில்லை. அதே இடத்தில் புதிய அழைப்பை ஓட்டலாம். ஆழம் எவ்வளவானாலும் ஸ்டேக் வளராது, லூப்புக்குச் சமம்.

ஸ்கீம் மொழியின் தரநிலை இதைக் கட்டாயமாக்குகிறது. காட்லினில் டெயில்ரெக் என்று எழுதிக் கேட்டுப் பெறலாம். ஜிசிசி கம்பைலர் உகப்பாக்கம் இயக்கப்பட்டால் பெரும்பாலும் செய்துவிடும். பைத்தானிலும் ஜாவாவிலும் கிடையாது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2009இல் இதை வெளிப்படையாகவே மறுத்தார். ஃபிரேம்களை அழித்துவிட்டால் பிழை வரும்போது எந்த வழியாக வந்தோம் என்ற தடம் காணாமல் போகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. டெயில் கால் வடிவில் எழுத முடிந்த எதையும் சிரமமில்லாமல் லூப்பாக எழுதிவிடலாம். எண்ணு என்ற நம் ஃபங்ஷன் அந்த வகையில் வராது. திரும்பி வந்த பிறகு கூட்ட வேண்டியிருக்கிறது, அடுத்த பிள்ளைக்கும் போக வேண்டியிருக்கிறது.

வேலையிடத்தில் ரிகர்ஷனைக் கண்டால் மூத்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏன்?

தரவு எங்கிருந்து வருகிறது என்பதால். உங்கள் குடும்ப மரத்தின் ஆழம் உங்களுக்குத் தெரியும். இணையத்தில் யாரோ அனுப்பும் ஜேசன் கோப்பின் (ஒன்றுக்குள் ஒன்றாகத் தரவை அடுக்கும் ஒரு வடிவம்) ஆழம் தெரியாது. ஒரு லட்சம் திறப்புச் சதுர அடைப்புக்குறிகளை மட்டும் வரிசையாக எழுதி அனுப்பினால் பைத்தானின் ஜேசன் தொகுதி ரிகர்ஷன் பிழை தரும். அந்தப் பிழையைப் பிடிக்காத சர்வரில் அந்தக் கோரிக்கை அங்கேயே உடையும். கவனமில்லாமல் எழுதப்பட்ட சி நிரலாக இருந்தால் மொத்த நிரலுமே விழும்.

கோப்புறைகளுக்குள் நடக்கும் ஓஎஸ் வாக் என்ற பைத்தான் ஃபங்ஷனும் நீண்ட காலம் ரிகர்ஷனாகவே இருந்தது. மிக ஆழமான கோப்புறைகளில் விழுந்ததால் 3.12 பதிப்பில் அதை லூப்பாக மாற்றி எழுதினார்கள். எல்லோருடைய கணினியிலும் ஓடும் பொது நூலகத்துக்கு அது சரியான முடிவு. உங்கள் அலுவலகத்தின் நான்கு அடுக்குக் கோப்புறைக்கு ரிகர்ஷன் போதும்.

விண்கலம், கார் போன்றவற்றின் மென்பொருளில் இன்னும் கடுமை. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் வெளியிட்ட பத்து விதிகளில் முதல் விதியே ரிகர்ஷனை விலக்குகிறது. இரண்டாவது விதி, ஒவ்வொரு லூப்புக்கும் இத்தனை சுற்றுக்கு மேல் போகாது என்ற உறுதியான உச்சவரம்பு வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிய வேண்டும் என்பதே அவர்களின் அக்கறை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத லூப்பையும் அவர்கள் ஏற்பதில்லை.

ரிகர்ஷனாக யோசித்து லூப் கலந்து எழுதும் உதாரணம் உண்டா?

குயிக்சார்ட். ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதைவிடச் சிறியவை ஒரு பக்கம், பெரியவை மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டே போய் வரிசைப்படுத்தும் முறை அது. கணினி அறிஞர் டோனி ஹோருக்கு இந்த யோசனை 1959இல் மாஸ்கோவில் படிக்கும்போது வந்தது. இங்கிலாந்து திரும்பிய பிறகு அவர் பிரைட்டனில் ஆல்கால் 60 பற்றிய ஒரு பயிற்சிக்குப் போனார். பீட்டர் நௌர், டைக்ஸ்ட்ரா, பீட்டர் லாண்டின் ஆகியோர் பாடம் எடுத்தார்கள். தான் விளக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த முறையை ரிகர்ஷனில் தெளிவாக எழுதிவிட முடிகிறது என்று அங்கேதான் கண்டார். சிந்தனைக் கருவியாக ரிகர்ஷன் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று இது.

ஆனால் அந்த அழகான வடிவத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. பிரிக்கும் எண்ணை ஒவ்வொரு முறையும் மோசமாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் காலி, மறுபக்கம் எல்லோரும் என்று பிரியும். ஐந்து லட்சம் பதிவுகளுக்கு ஆழமும் ஐந்து லட்சமாகிவிடும். மருந்து எளிது: இரண்டு பகுதியில் சிறியதற்கு மட்டும் ரிகர்ஷன், பெரியதை அதே ஃபங்ஷனுக்குள் லூப்பாகத் தொடர்வது. சிறிய பகுதி எப்போதும் பாதிக்கு மேல் போகாது என்பதால் ஆழம் 20ஐ ஒட்டியே நிற்கும். மோசமான தேர்வால் நேரம் வீணாகலாம், ஸ்டேக் நிரம்பாது.

பைனரி தேடலுக்கு எது?

பதிவு எண் வரிசையில் அடுக்கிய ஐந்து லட்சம் பேரில் ஒருவரை, நடுவில் பார்த்துப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேட, அதிகபட்சம் 19 பார்வைகள். எதில் எழுதினாலும் ஆபத்தில்லை. நான் லூப்பில் எழுதுவேன். இரண்டு பாதியில் ஒன்றுக்குத்தான் போகிறோம், மற்றதற்குத் திரும்பி வரத் தேவையே இல்லை.

குடும்ப மரம் டேட்டாபேஸில் இருந்தால்?

ஒவ்வொருவராக வெளியே எடுத்து நிரலில் சுற்ற வேண்டாம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் 1999 தரநிலை முதலே இதற்கென வித் ரிகர்சிவ் என்ற கட்டளை இருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ் 8.4, எஸ்கியூலைட் 3.8.3, மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்புகள் முதல் பயன்படுத்தலாம். பெயர் ரிகர்சிவ் என்றாலும் போஸ்ட்கிரெஸ் உள்ளே செய்வது, ஒரு தலைமுறையைத் தற்காலிகப் பட்டியலில் வைத்து, அதிலிருந்து அடுத்த தலைமுறையைத் தேடி, புதிதாக யாரும் கிடைக்காதபோது நிறுத்துவதுதான். நாம் எழுதிய லூப்பின் அகலவாக்கு வடிவம் அது.

ஒரு கண்ணி இருக்கிறது. தொடக்க ஆளைத் தரும் பகுதி, அடுத்த தலைமுறையைத் தேடும் பகுதி என்ற இரண்டையும் யூனியன் என்று இணைத்தால் ஏற்கெனவே வந்த வரிசை மறுபடி சேராது; அத்தை மகன் மாமன் மகள் சிக்கலும் வட்டமும் தாமாகவே தீரும். யூனியன் ஆல் என்று எழுதினால் தீராது. தலைமுறை எண்ணையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால் யூனியனும் ஏமாந்துவிடும்: அதே ஆள், வேறு தலைமுறை எண், ஆகவே புதிய வரிசை என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்தி வேண்டுமென்றால் தலைமுறை 15க்கு மேல் போகாதே என்று ஒரு நிபந்தனையும் சேருங்கள்.

எச்.எஸ்.சி. தேர்வில் எதை எழுதுவது?

கேம்பிரிட்ஜின் 9618 என்ற எண்ணுள்ள கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடத்திட்டத்தில் ரிகர்ஷன் ஏ லெவல் பகுதியில் தனித் தலைப்பாக இருக்கிறது. எழுதத் தெரிய வேண்டும், தடம் பின்பற்றத் தெரிய வேண்டும், எப்போது பயன் என்று சொல்ல வேண்டும், கம்பைலர் ஸ்டேக்கை எப்படிப் பயன்படுத்துகிறது என்று விளக்க வேண்டும். ரிகர்ஷனில் எழுது என்று கேட்டால் ரிகர்ஷனில்தான் எழுத வேண்டும், லூப் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

தடம் பின்பற்றும் கேள்வியில் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: வந்த மதிப்பு என்ன, எங்கே காத்திருக்கிறது, என்ன திரும்பியது. இறங்கும்போது வரிகளை மேலிருந்து கீழாக எழுதி, திரும்பும் மதிப்புகளைக் கீழிருந்து மேலாக நிரப்புங்கள். மேலே கொள்ளுத்தாத்தா குடும்பத்துக்குச் செய்தது அதுதான்.

"எப்போது பயன்?" என்ற கேள்விக்கு "நிரல் சிறியதாக இருக்கும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தரவே தன்னைப் போன்ற சிறிய பகுதிகளால் ஆனது, ஆழம் குறைவு என்று காரணம் சொல்லி, மரம் ஒன்றை உதாரணமாகக் கொடுங்கள். பாதகம் கேட்டால் ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டேக்கில் இடம் பிடிக்கும், ஆழம் கூடினால் ஸ்டேக் நிரம்பும் என்று எழுதுங்கள். செய்முறைத் தாளுக்குப் பைத்தான் எடுத்தவர்கள் 1000 என்ற வரம்பை நினைவில் வையுங்கள்; உங்கள் நிரல் ரிகர்ஷன் பிழையோடு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது, அழைப்புக்குள் அனுப்பும் மதிப்பு உண்மையிலேயே சிறியதாகிறதா என்பதை.